நிலவொளியில் விளைந்த புகழ்
வளைகோல் பந்தாட்ட வீரர் தியான் சந்த் வரலாறு

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை நோக்கிச் செல்லும் சாலையில் செஞ்சியை நெருங்குவோர், ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளையும் அவற்றை இணைத்து ஓடும் மதிலையும் கண்டு சிறிது நேரம் பேச்சற்றுப் போவர். இது மனிதர் கட்டியதா, பூதங்கள் கட்டியதா என்று வினவும் சிறுவர்களும் உண்டு. ஆயின், ராஜகிரியின் படிகளில் மூச்சிரைக்க ஏறி, மேலே உள்ள சுவரொன்றைக் கையால் தொட்டுப் பார்ப்பவர்க்கு வேறோர் உண்மை புலனாகும். அங்குள்ள ஒவ்வொரு கல்லும் யாரோ ஒருவரின் தோளில் ஏறியே அவ்வுயரத்தை அடைந்தது. 2025ஆம் ஆண்டு சூலைத் திங்களில் யுனெஸ்கோ நிறுவனம் செஞ்சிக்கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் சேர்த்தபோது, பெயர் தெரியாத அந்தத் தோள்களுக்கும் அப்பெருமையில் பங்கு இருந்தது.

தொலைவில் நிற்பவர் வியப்பைக் காண்கிறார்; அருகில் செல்பவர் உழைப்பைக் காண்கிறார். இது கோட்டைக்கு மட்டுமன்றி மனிதருக்கும் பொருந்தும். அவ்வாறு தொலைவிலிருந்தே வியக்கப்பட்ட ஒருவர், ஹாக்கி எனப்படும் வளைகோல் பந்தாட்டத்தில் ஈடிணையற்று விளங்கிய தியான் சந்த். உலகம் அவரை மந்திரவாதி என்று அழைத்தது. புகழுரையாகச் சொல்லப்பட்ட அச்சொல், அவர் சிந்திய வியர்வையை மறைத்துவிட்டது. மந்திரம் என்று நாம் வியந்ததன் உள்ளே இருந்தது என்ன என்பதை அவர் வாழ்க்கை வழியே காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறப்பும் இளமையும்

தியான் சந்த் 1905ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள் அலகாபாத்தில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் தியான் சிங். தந்தையார் ஆங்கிலேயரின் இந்தியப் படையில் பணிபுரிந்தவர். படைவீரரின் குடும்பத்துக்கு நிலையான ஊர் ஏது? இடமாற்றங்களுக்கிடையே சிறுவனின் பள்ளிப்படிப்பு ஆறு ஆண்டுகளுக்கு மேல் நீடிக்கவில்லை. பின்னர் அக்குடும்பம் ஜான்சி நகரில் நிலைபெற்றது.

இளமையில் அவருக்கு நாட்டம் மற்போரிலேயே இருந்தது. வளைகோல் பந்தாட்டத்தை அவர் பெரிதாகக் கருதியதில்லை. தெருப்பிள்ளைகளோடு எப்போதேனும் விளையாடியதோடு சரி. பிறவி மேதைகளைப் பற்றி நாம் கேட்டுப் பழகிய கதைகளில், தொட்டிலிலேயே திறமை தென்படும். இவர் வரலாற்றில் அப்படி எதுவும் இல்லை. பதினேழு வயது நிறையும் வரை, பின்னாளில் உலகையே வியக்க வைக்கப்போகும் கலையில் அவர் ஒரு சாதாரணச் சிறுவர்.

நிலவே விளக்காக

1922ஆம் ஆண்டு, தம் பதினேழாம் பிறந்தநாளில், அவர் சாதாரணச் சிப்பாயாகப் படையில் சேர்ந்தார். அங்கே சுபேதார் மேஜர் பாலே திவாரி என்பவர் ஆட்டத்தின் அடிப்படைகளைக் கற்பித்தார். ஆசானின் பார்வை பட்டது. மாணவனின் உள்ளத்தில் தீப்பற்றியது.

படைவீரரின் பகற்பொழுது அவருக்குச் சொந்தமானதன்று. அணிவகுப்பு, காவல், ஏவல் என்று கதிரவன் மறையும் வரை கடமைகள் காத்திருக்கும். அக்காலத்து மைதானங்களில் மின்விளக்குகள் இல்லை. ஆகவே அவ்விளைஞர் நிலவு எழுவதற்காகக் காத்திருந்தார். தோழர்கள் உறங்கச் சென்ற பின்னர், நிலவொளியில் மட்டையும் பந்துமாகத் தனியே பயிற்சி செய்தார். நிலவைக் குறிக்கும் சந்த் என்னும் சொல் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது இதனாலேயே என்பர். செஞ்சியில் நிலவின் பெயரைத் தாங்கிய குன்று ஒன்று உண்டு. வடநாட்டில் நிலவின் பெயரைத் தாங்கிய வீரர் ஒருவர் உருவானார்.

தனியே செய்யும் பயிற்சிக்குக் கைதட்ட எவரும் இல்லை. கண்டிக்கவும் எவரும் இல்லை. அந்த இரவுகளில் அவர் போட்டியிட்டது தம்மோடுதான். நேற்றுக் கைவிட்டுப் போன பந்து இன்று மட்டையோடு நிற்க வேண்டும். இன்று நின்ற பந்து நாளை ஓடும்போதும் நிற்க வேண்டும். பின்னாளில் அவர் மட்டையில் பந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்த்தோர் மயங்கினர். உள்ளே காந்தம் இருக்கிறதா என்று அறிய அயல்நாட்டில் ஒருமுறை மட்டையையே உடைத்துப் பார்த்தார்கள் என்றும் ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியாயினும், அந்தக் காந்தம் நிலவொளியில் செய்யப்பட்டது என்பதில் ஐயமில்லை.

ஜீலம் நகரில் நடைபெற்ற படைப்பிரிவுகளுக்கிடையிலான போட்டி ஒன்றின் இறுதியாட்டத்தில், அவருடைய அணி இரண்டு கோல்கள் பின்தங்கியிருந்தது. எஞ்சியிருந்தவை நான்கே நிமிடங்கள். அந்த நான்கு நிமிடங்களில் அவர் மூன்று கோல்களை அடித்து வெற்றியைப் பறித்தார். மந்திரவாதி என்னும் பட்டம் அன்று முளைவிட்டது. நான்கு நிமிடங்களைக் கண்டவர்கள் பட்டம் சூட்டினார்கள். நானூறு இரவுகளைக் கண்டவர் எவரும் இலர்.

கடல் கடந்த வெற்றிகள்

1926ஆம் ஆண்டு இந்தியப் படை அணி நியூசிலாந்துக்குச் சென்றது. ஆடிய 21 ஆட்டங்களில் 18இல் வென்றது, இரண்டில் சமநிலை கண்டது, ஒன்றில் தோற்றது. அணி அடித்த 192 கோல்களில் நூற்றுக்கு மேற்பட்டவை தியான் சந்த் அடித்தவை. திரும்பி வந்த சிப்பாய்க்குக் கிடைத்தது லான்ஸ் நாயக் என்னும் சிறிய பதவி உயர்வு.

இந்திய ஹாக்கி கூட்டமைப்பு 1925இல் குவாலியரில் தோன்றியது. மூன்றே ஆண்டுகளில் அது ஒலிம்பிக்கிற்கு அணியை அனுப்பத் துணிந்தது. 1928ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பம்பாய்த் துறைமுகத்திலிருந்து அவ்வணி கப்பலேறியபோது, வழியனுப்ப வந்தவர்கள் மூவரே. ஆம்ஸ்டர்டாமில் இந்தியா ஐந்து ஆட்டங்களில் 29 கோல்களை அடித்தது, ஒன்றையும் வாங்கவில்லை. அவற்றுள் 14 கோல்கள் தியான் சந்த் அடித்தவை. மே 26ஆம் நாள் ஆலந்து நாட்டை எதிர்த்து நடந்த இறுதியாட்டத்தின்போது அணியினர் பலர் நோயுற்றிருந்தனர். தியான் சந்தும் காய்ச்சலோடு களம் இறங்கினார். இந்தியா மூன்றுக்குச் சுழி என்ற கணக்கில் வென்று முதல் தங்கத்தைப் பெற்றது. மூவர் மட்டுமே வழியனுப்பிய அணியை வரவேற்கப் பம்பாய்த் துறைமுகத்தில் மக்கள் வெள்ளம் திரண்டது.

1932இல் லாஸ் ஏஞ்சல்ஸ் செல்லும் அணிக்கான தேர்வாட்டங்களில் பங்கேற்கப் படைப்பிரிவு அவருக்கு விடுப்பு வழங்கவில்லை. ஆயினும், தேர்வாட்டம் இன்றியே அவர் அணியில் சேர்க்கப்பட்டார். அவருடைய தம்பி ரூப் சிங்கும் அவ்வணியில் இடம்பெற்றார். அணித்தலைவர் லால் ஷா புகாரி. அந்த ஒலிம்பிக்கில் அமெரிக்காவை 24க்கு ஒன்று என இந்தியா வென்றதைப் பலரும் பெருமையோடு கூறுவர். அதில் ரூப் சிங் 10 கோல்களும் தியான் சந்த் 8 கோல்களும் அடித்தனர். எனினும் அங்கே ஹாக்கி ஆடியவை மூன்றே நாடுகள் என்பதையும், அமெரிக்கர்க்கு இவ்வாட்டம் புதியது என்பதையும் மறைத்தல் நேர்மையாகாது. பெரிய எண்ணிக்கை எப்போதும் பெரிய வெற்றி ஆகாது. இதைத் தியான் சந்த் எவரினும் நன்கு உணர்ந்திருந்தார் என்பதற்கு அடுத்த நிகழ்ச்சியே சான்று.

தாம் அடிக்காத கோல்

தம் வாழ்நாளின் சிறந்த ஆட்டமாக அவர் கருதியது ஒலிம்பிக் ஆட்டம் எதையும் அன்று. 1933ஆம் ஆண்டு கல்கத்தாவில் நடைபெற்ற பைட்டன் கோப்பை இறுதியாட்டமே அது. ஜான்சி ஹீரோஸ் என்னும் தம் ஊர் அணிக்காக அவர் ஆடினார். எதிரே நின்றது வலிமை மிக்க கல்கத்தா சுங்கத்துறை அணி. அவரோடு ஆம்ஸ்டர்டாமில் தோளோடு தோள் நின்ற சவுகத் அலி அன்று எதிரணியில் இருந்தார்.

இரண்டாம் பாதியில் சுங்கத்துறை அணியினர் அலையலையாகத் தாக்கிக்கொண்டிருந்தனர். அப்போது மைதானத்தின் நடுவிலிருந்து தியான் சந்த் நீண்டதொரு பந்தை முன்னால் செலுத்தினார். இஸ்மாயில் என்னும் வீரர் பாதி மைதானத்தை ஒரே ஓட்டமாகக் கடந்து அப்பந்தைப் பற்றிக் கோலாக்கினார். ஆட்டத்தின் ஒரே கோல் அதுவே. கோப்பை ஜான்சிக்கு வந்தது. ஆயிரக்கணக்கில் கோல் அடித்த மனிதர், தாம் ஒரு கோலும் அடிக்காத ஆட்டத்தையே நெஞ்சில் உயர்த்தி வைத்திருந்தார். எதிரி வலியவனாக இருந்தான். தோழன் சரியான இடத்தில் இருந்தான். பந்து சரியான நேரத்தில் சென்றது. போட்டி மனப்பான்மையின் முதிர்ந்த வடிவம் இதுவே. பிறரைத் தள்ளிவிட்டுத் தான் முந்துவது அதன் முதல் படி மட்டுமே. தன்னோடு இருப்பவனையும் முந்தச் செய்வது அதன் உச்சி.

மொறப்பாக்கத்து வீரர்

1935ஆம் ஆண்டு தியான் சந்த் தலைமையில் இந்திய அணி நியூசிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் சென்றது. 48 ஆட்டங்களில் 584 கோல்கள். அவற்றுள் 201 தலைவர் அடித்தவை. அடிலெய்டு நகரில் கிரிக்கெட் வீரர் டான் பிராட்மன் அவரைச் சந்தித்தார்.

அவ்வணியில் நம் மண்ணின் மைந்தர் ஒருவரும் இருந்தார். செங்கற்பட்டு மாவட்டத்து மொறப்பாக்கத்தில் 1909இல் பிறந்த எம்.ஜே. கோபாலனே அவர். 1934ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் சேப்பாக்கத்தில் தொடங்கிய ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டத்தில் முதல் பந்தை வீசியவரும் இவரே. 1936இல் இவர் முன் இரண்டு வாயில்கள் திறந்தன. ஒன்று பெர்லின் ஒலிம்பிக்கிற்குச் செல்லும் ஹாக்கி அணி. மற்றொன்று இங்கிலாந்துக்குச் செல்லும் கிரிக்கெட் அணி. கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தார். இங்கிலாந்தில் ஒரு டெஸ்ட் ஆட்டத்திலும் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. பெர்லின் சென்றவர்களோ தங்கத்தோடு திரும்பினர்.

இதைக் கேட்டு இரங்குவோர் பலர். எனினும் கோபாலன் 2003இல் மறையும் வரை சென்னை விளையாட்டுலகின் மதிப்புக்குரிய பெரியவராகவே வாழ்ந்தார். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என நிற்க இயலாத நிலை உயர்ந்த ஆட்டக்காரர் ஒவ்வொருவர்க்கும் ஒருநாள் வரும். தேர்ந்தது தவறிப்போகலாம். தவறிய பின்னும் தளராது ஆடுவதும் விளையாட்டின் பாடமே.

தோல்வி தந்த விழிப்பு

பெர்லினுக்குத் தியான் சந்த் அணித்தலைவராகச் சென்றார். சென்ற சில நாள்களில், சூலை 17ஆம் நாள் நடந்த பயிற்சியாட்டத்தில் செருமானியர் இந்தியாவை நான்குக்கு ஒன்று என வென்றனர். அது கணக்கில் சேராத ஆட்டம். இரண்டு தங்கங்களை வென்ற அணியின் தலைவர், பயிற்சிதானே என்று அதைத் தள்ளியிருக்கலாம். அவருக்கோ அன்றிரவு உறக்கம் வரவில்லை. 24 கோல் அடித்த வெற்றி தராத பாடத்தை இத்தோல்வி தந்தது. முன்வரிசையில் குறை இருப்பதை உணர்ந்து, தாயகத்திலிருந்து அலி இக்திதார் ஷா தாராவை அனுப்புமாறு வேண்டினர். தாரா வானூர்தியில் வந்து அரையிறுதிக்கு அணியோடு சேர்ந்தார்.

இறுதியாட்டம் மழையால் ஒருநாள் தள்ளிப்போய் ஆகஸ்டு 15ஆம் நாள் நடந்தது. எதிரணி அதே செருமனி. ஆட்டத்துக்கு முன் உடைமாற்றும் அறையில் பங்கஜ் குப்தா காங்கிரசின் மூவர்ணக் கொடியை எடுத்து வைக்க, வீரர்கள் அதனை வணங்கிவிட்டுக் களம் புகுந்தனர். ஆங்கில ஆட்சியின் பெயரால் ஆடச் சென்றவர்கள், உள்ளத்தில் ஏந்தியது வேறொரு கொடி. சரியாகப் பதினோராண்டுகள் கழித்து அதே நாளில் நாடு விடுதலை பெற்றது.

அந்தப் பதினொருவரில் தியான் சந்தும் ரூப் சிங்கும் இருந்தனர். தாராவும் ஜாபரும் ஷஹாபுதீனும் முகம்மது உசேனும் இருந்தனர். ஆலன், டாப்செல் போன்ற ஆங்கிலோ இந்தியரும் இருந்தனர். தேசிங்குராஜனையும் அவன் உயிர்த்தோழன் மகபத்கானையும் பிரித்துப் பேச அறியாத செஞ்சி மக்களுக்கு இக்கூட்டணி புதுமையாகத் தோன்றாது.

முதற்பாதியில் இந்தியா பெற்றது ஒரே கோல். ஈரத் தரையில் ஓட்டம் தடைப்படுவதை உணர்ந்த தலைவர், இரண்டாம் பாதியில் முள் பதித்த காலணிகளைக் கழற்றிவிட்டு ஆடினார். செருமனியின் கோல்காப்பாளரோடு மோதிப் பல்லொன்றை இழந்தார். சிகிச்சை பெற்று மீண்டும் களம் வந்தார். முடிவில் இந்தியா எட்டுக்கு ஒன்று என வென்றது. இவ்வாட்டத்தைச் சுற்றி இட்லரையும் இணைத்துப் பல செவிவழிக் கதைகள் பின்னப்பட்டுள்ளன. உறங்காத அந்த ஓரிரவு எந்தக் கதையினும் பெரியது.

நாடு பிரிந்த பின்னர், 1948 இலண்டன் ஒலிம்பிக்கில் தாரா பாகிஸ்தான் அணியின் தலைவராகக் களம் கண்டார். ஒரே முன்வரிசையில் ஆடியவர்களை எல்லைக்கோடு பிரித்தது. பெர்லினில் அவர்கள் சேர்ந்து வென்ற தங்கத்தை எந்தக் கோட்டாலும் பிரிக்க இயலவில்லை.

மாலைப் பொழுது

உலகப்போர் இரண்டு ஒலிம்பிக் போட்டிகளை விழுங்கியது. 1947ஆம் ஆண்டு கிழக்கு ஆப்பிரிக்கர் இந்திய அணியை அழைத்தபோது, தியான் சந்த் வரவேண்டும் என்பதை நிபந்தனையாகவே வைத்தனர். 42 வயதில் சென்ற அவர் 22 ஆட்டங்களில் 61 கோல்களை அடித்தார். பின்னர் இளையோர்க்கு வழிவிட்டு விலகினார். அவருடைய தன்வரலாற்று நூல் 1952இல் நம் சென்னையிலிருந்து வெளிவந்தது என்பது தமிழகம் பெருமை கொள்ளத்தக்க செய்தி.

சிப்பாயாகச் சேர்ந்தவர் 34 ஆண்டுப் பணிக்குப் பின் 1956இல் மேஜராக ஓய்வு பெற்றார். அவ்வாண்டே பத்மபூஷண் விருது வந்தது. பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தில் தலைமைப் பயிற்சியாளராகவும் பணியாற்றினார். 1975இல் கோலாலம்பூரில் இந்தியா உலகக் கோப்பையை வென்றபோது, வெற்றிக் கோலை அடித்தவர் அவருடைய மகன் அசோக் குமார். அடுத்த ஆண்டு மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் இந்தியா ஏழாம் இடத்துக்கு இறங்கியதையும் அம்முதியவர் காண நேர்ந்தது.

இறுதிக் காலத்தில் வறுமை அவரை வாட்டியது. மூன்று தங்கங்கள் வென்றவர் டில்லி மருத்துவமனை ஒன்றின் பொதுப்பிரிவில் படுத்திருந்தார். 1979ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள் ஈரல் புற்றுநோயால் அங்கேயே உயிர் நீத்தார். அவர் உடல் தகனம் செய்யப்பட்டது ஜான்சியில், அவர் விளையாடிய மைதானத்திலேயே.

மறுஆண்டு அவர் உருவம் அஞ்சல்தலையில் ஏறியது. அவர் பிறந்தநாள் தேசிய விளையாட்டு நாளாயிற்று. 2021இல் நாட்டின் உயர்ந்த விளையாட்டு விருது அவர் பெயரைப் பெற்றது. இவையனைத்தும் தக்க சிறப்புகளே. ஆயினும் ஒரு வினா நெஞ்சை உறுத்துகிறது. நோயுற்றிருந்தபோது கிடைக்காத கவனிப்பு, மறைந்த பின் கிடைத்த மாலைகளால் ஈடாகுமா?

நாம் கொள்ள வேண்டுவது

மாணவர்களுக்கு ஒரு சொல். வள்ளுவப் பெருந்தகை ஊக்கமுடைமைக்கும் ஆள்வினையுடைமைக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தார். உள்ளத்தில் எழும் வேட்கை ஊக்கம். அதைக் கைகால்களின் பழக்கமாக்குவது ஆள்வினை. முன்னது நம்மிடம் நிறையவே உண்டு. பின்னதுதான் குறைவு. வெல்ல வேண்டும் என்று விரும்பாத இளைஞர் எவர்? விளக்கில்லை என்று வீட்டுக்குத் திரும்பாமல், நிலவு எழும்வரை காத்திருந்தவர் எத்தனை பேர்? தேர்வுக்குப் படிப்பவர்க்கும் கவிதை எழுதுபவர்க்கும் தொழில் தொடங்குபவர்க்கும் இதே வினா உண்டு. அவர் பள்ளிப்படிப்பை இழந்தது சூழ்நிலையால். அதை எவரும் முன்மாதிரியாகக் கொள்ள வேண்டியதில்லை. இக்காலத்தில் நூலும் மைதானமும் ஒருசேர வாய்க்கப் பெற்றவர்கள் நீங்கள்.

பெற்றோர்க்கும் சமுதாயப் பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள். விளையாட்டு வீண்பொழுது என்று கடிந்து, மாலையில் மைதானத்துக்கு ஓடும் பிள்ளையை வாயிற்படியிலேயே நிறுத்தும் வழக்கம் நம் இல்லங்களில் இன்னும் உண்டு. அந்த அச்சத்துக்குக் காரணமும் உண்டு. தியான் சந்தின் முதுமையே அதற்குச் சான்று. விளையாடியவனைச் சமுதாயம் கைவிட்டால், அடுத்த தலைமுறையை விளையாட அனுப்ப எவர் துணிவர்? ஆகவே உழைப்பவனை அவன் உழைக்கும் நாளிலேயே மதிப்போம். ஊர்தோறும் ஒரு மைதானம், மைதானந்தோறும் ஒரு பாலே திவாரி, அவ்வாசானை மதிக்கும் ஓர் ஊர் என மூன்றும் அமையுமானால், மந்திரம் எதுவும் வேண்டியதில்லை.

இன்றும் செஞ்சியில் முழுநிலவு நாளில் சந்திரகிரியின்மேல் ஒளி பரவுகிறது. அடிவாரத்தில் ஏதேனும் ஒரு திடலில், ஓர் இளைஞன் தனியே பந்தை உருட்டிக்கொண்டிருக்கக்கூடும். அவனைக் காண்போர் விளக்கொன்று ஏற்றிக் கொடுப்பார்களாக.